கரை எல்லோருக்கும் பொது: ராணுவக் கூட்டணியில் சுமையைப் பங்கிடும் கணக்கு

மேலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் பன்னாட்டு அரசியல் பாடம் எடுத்துவருகிறேன். சில வாரங்களுக்கு முன் ஒரு மாணவி, "சார், நேட்டோவுக்கு ஜெர்மனி பெரிய பாக்கி வைத்திருக்கிறது என்று அமெரிக்க அதிபர் சொன்னாராமே, அந்தப் பாக்கியை எந்த ஆபீஸில் போய்க் கட்ட வேண்டும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 2017 மார்ச் மாதத்தில் டொனால்டு டிரம்ப் அப்படித்தான் எழுதினார். அதைப் படிக்கும் எவருக்கும் இந்தச் சந்தேகம் வரத்தான் செய்யும். அப்படி ஓர் ஆபீஸும் இல்லை, அப்படி ஒரு பாக்கியும் இல்லை என்பதே விடை. ஆனால் அந்த விடையோடு நின்றுவிட்டால், டிரம்புக்கு முன்பிருந்த அமெரிக்க அரசுகளும் பல பத்தாண்டுகளாக ஐரோப்பிய நாடுகளிடம் இதே குறையை மென்மையான சொற்களில் முறையிட்டுவந்தது ஏன் என்பது விளங்காது. கூட்டுப் பாதுகாப்புக்கு யார் எவ்வளவு சுமப்பது என்ற அந்தக் குறையின் பெயர்தான் சுமைப் பகிர்வு. அதை அடியிலிருந்து விளக்க இக்கட்டுரையில் முயல்கிறேன்.

நேட்டோ என்னும் வடஅட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பு 1949 ஏப்ரல் 4 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தத்தால் உருவானது. 2023-இல் பின்லாந்தும் 2024-இல் சுவீடனும் சேர்ந்தபின் இன்று அதில் 32 நாடுகள் உள்ளன. தலைமையகம் பிரஸ்ஸல்ஸ் நகரில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எல்லோரும் அறிந்தது 5-ஆம் பிரிவு: ஒரு நாட்டின் மீதான ஆயுதத் தாக்குதல் எல்லா நாடுகளின் மீதான தாக்குதலாகக் கருதப்படும். அதன் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை. தாக்கப்பட்ட நாட்டுக்கு உதவ ஒவ்வொரு நாடும், ஆயுதப்படையைப் பயன்படுத்துவது உட்பட, தேவையென்று தான் கருதும் நடவடிக்கையை எடுக்கும் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. எத்தனை படை, எவ்வளவு பணம், எத்தனை நாளில் என்று ஒரு சொல்லும் இல்லை. இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவுக்காகச் செயலுக்கு வந்திருக்கிறது.

செய்திகளில் அதிகம் அடிபடாத 3-ஆம் பிரிவுதான் நம் பாடத்துக்கு வேர். ஒவ்வொரு நாடும் தாக்குதலை எதிர்த்து நிற்கும் ஆற்றலைத் தனியாகவும் கூட்டாகவும் வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. ஊர் வந்து காப்பாற்றும் என்று எண்ணித் தன் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கக் கூடாது என்பது அதன் பொருள். ஆனால் கதவை எவ்வளவு பலமாகப் போட வேண்டும் என்பதையும் ஒப்பந்தம் சொல்லாமலே விட்டுவிட்டது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கும் வாக்குவாதம் முழுவதும் அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

கண்மாய்க் கரையில் நின்று பார்த்தால்

மேலூர் வட்டாரத்தில் கண்மாய் இல்லாத ஊர் அரிது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியத் தொடங்கியதும், பெரியவர்கள் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கரையின் வெளிச்சரிவைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். நண்டு வளையோ எலி வளையோ இருக்கும் இடத்தில் முதலில் கட்டைவிரல் கனத்துக்குத்தான் நீர் கசியும். கசியும் நீர் தெளிவாக வந்தால் காலைவரை பொறுக்கலாம். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள், அப்போதே ஆளைக் கூப்பிட்டாக வேண்டும். வைக்கோலையும் களிமண்ணையும் திணித்து, சாக்கில் மணலைக் கட்டி அண்டக்கொடுத்து அந்த இரவைக் கடத்துவார்கள்.

அந்தக் கரை யாருடையது? ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் எல்லோருடையதும்தான். கரை நின்றால், மண் சுமந்தவருடைய வயலும் பிழைக்கும், வீட்டில் படுத்திருந்தவருடைய வயலும் பிழைக்கும். வராதவருடைய வயலை மட்டும் விலக்கிவிட்டுக் கரையைக் காப்பாற்ற வழியில்லை. பத்து ஏக்கர் வைத்திருப்பவர் வேறு யாரும் வராவிட்டாலும் தன் டிராக்டரை எடுத்துக்கொண்டு வந்துதான் தீருவார், ஏனென்றால் உடைப்பெடுத்தால் பேரிழப்பு அவருக்குத்தான். அரை ஏக்கர்க்காரருக்கும் இது தெரியும். தெரிவதனாலேயே, அவர் கெட்ட மனிதராக இல்லாமலே, சற்றுத் தாமதமாகக் கிளம்புவார்.

1966-இல் மன்சர் ஓல்சன், ரிச்சர்ட் செக்கௌசர் என்ற இரு அமெரிக்கப் பொருளியல் அறிஞர்கள் நேட்டோவின் செலவுக் கணக்கை ஆராய்ந்து கண்டதும் இதைத்தான். எதிரியைத் தாக்கவிடாமல் தடுக்கும் அச்சம் ஒரு பொதுச்சொத்து. அமெரிக்காவின் பலத்தைக் கண்டு எதிரி பின்வாங்கினால் அமெரிக்கா பெறும் அதே பாதுகாப்பைச் சிறிய பெல்ஜியமும் பெற்றுவிடுகிறது. ஆகவே பெரிய நாடு தன் அளவுக்கும் மிஞ்சிச் சுமக்கிறது, சிறிய நாடு தன் அளவுக்கும் குறைவாகச் சுமக்கிறது. இதில் யாருடைய குணக்கேடும் இல்லை, கூட்டணியின் அமைப்பே அப்படித் தள்ளுகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். சுமைப் பகிர்வைப் பற்றிப் பேசும் எவரும் இந்த இடத்தைத் தாண்டாமல் போக முடியாது.

ஆனால் கண்மாயைத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கரை உடைந்தால் முதலில் மண்மூடிப் போவது கரையை ஒட்டிய வயல்கள். கடைமடைக்காரருக்கு அந்த ஆபத்து மெதுவாகவே வந்து சேரும். நேட்டோவில் ரஷ்யாவை ஒட்டிய போலந்து, எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா ஆகிய நாடுகள் சிறியவையாகவோ நடுத்தரமானவையாகவோ இருந்தும் தங்கள் வருமானத்தில் பெரும்பங்கைப் பாதுகாப்புக்கு ஒதுக்குகின்றன. போலந்து 2024-இல் தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4 சதவீதத்துக்கும் மேல் செலவிட்டது. அது அமெரிக்காவின் விகிதத்தைவிட அதிகம். பிரனீசு மலைக்கு அப்பால் இருக்கும் ஸ்பெயின் அதே ஆண்டில் 1.3 சதவீத அளவில் நின்றது. நாட்டின் அளவைவிட, அபாயத்துக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரமே இங்கே அதிகம் பேசுகிறது என்று நான் நினைக்கிறேன்.

இரண்டு கணக்குகள், ஒரு குழப்பம்

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். நேட்டோவில் இரண்டு கணக்குகள் உண்டு. முதலாவது பொது நிதி. தலைமையகத்தை நடத்துவது, கூட்டுப் படைத்தலைமையின் அலுவலகங்கள், தகவல் தொடர்பு, விமானத்தள வசதிகள், ஜெர்மனியின் கைலன்கிர்ஷன் தளத்திலிருந்து பறக்கும் கூட்டுக் கண்காணிப்பு விமானங்கள் ஆகியவற்றுக்கு உறுப்பு நாடுகள் உண்மையாகவே பணம் கட்டுகின்றன. இந்தக் கணக்கில் பங்குவீதம் எழுத்தில் நிர்ணயிக்கப்பட்டிருக்கிறது: 2025-இல் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஆளுக்கு ஏறத்தாழ 16 சதவீதம் கொடுத்தன. 2025-க்கு இந்தப் பொது நிதி ஏறத்தாழ 460 கோடி யூரோ. கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஆனால் எல்லா உறுப்பு நாடுகளும் பாதுகாப்புக்குச் செலவிடும் மொத்தத் தொகையோடு வைத்துப் பார்த்தால் இது 0.3 சதவீதம் அளவுக்குத்தான் வரும்.

மீதி அனைத்தும் இரண்டாவது கணக்கு. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்கு, தன் சொந்த நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்த பட்ஜெட்டிலிருந்து, தன் சொந்த வீரர்களுக்குச் சம்பளமாகவும் தளவாடங்களுக்கு விலையாகவும் செலவிடும் பணம் அது. பிரஸ்ஸல்ஸுக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. ஜெர்மனி குறைவாகச் செலவிட்டது என்றால் ஜெர்மன் ராணுவம் அந்த அளவுக்கு மெலிந்துபோனது என்று பொருளே தவிர, யாரிடமும் கடன்பட்டது என்று பொருளில்லை. ஊரில் தலைக்கட்டு வரி கொடுக்காதவர் பெயரைத் திருவிழாக் கணக்கில் பாக்கியென்று எழுதலாம். தன் வயல் வரப்பைச் சரிசெய்யாதவர் பெயரை அப்படி எழுத ஏடு கிடையாது. ஆனால் வரப்பு உடைந்து பக்கத்து வயலும் சேர்ந்து அழியும்போது அவர் செய்யாமல் விட்டது எல்லோருக்கும் வலிக்கும். டிரம்ப் பயன்படுத்திய 'கடன்' என்ற சொல் தவறு, அவர் சுட்டிய குறை தவறில்லை என்று பிரித்துப் பார்க்கப் பழகுவது நல்லது.

இந்த இரண்டாவது கணக்குக்கு ஓர் அளவுகோலாகத்தான் 2 சதவீதம் வந்தது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் குறைந்தது 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்குவது என்று 2006-இல் பாதுகாப்பு அமைச்சர்கள் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 2014 மார்ச்சில் ரஷ்யா கிரீமியாவை இணைத்துக்கொண்டபின், அவ்வாண்டு செப்டம்பரில் வேல்ஸில் கூடிய தலைவர்கள் பத்தாண்டுக்குள் அந்த அளவை நோக்கி நகர்வதாகவும், அதில் ஐந்தில் ஒரு பங்கைப் புதிய தளவாடங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் ஒதுக்குவதாகவும் அறிவித்தார்கள். அப்போது 2 சதவீதத்தை எட்டியிருந்தவை மூன்றே நாடுகள்: அமெரிக்கா, பிரிட்டன், கிரீஸ். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. 2024-இல் 23 நாடுகள் அந்த அளவை எட்டும் என்று நேட்டோ மதிப்பிட்டது.

சதவீதம் எதைக் காட்டும், எதை மறைக்கும்

கிரீஸை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் நெருக்கடியில் சிக்கி ஓய்வூதியங்களையே வெட்டிக்கொண்டிருந்த நாடு எப்படி 2 சதவீதத்துக்கு மேல் நின்றது? பக்கத்திலிருக்கும், அதே கூட்டணியிலேயே உறுப்பினராக இருக்கும் துருக்கியோடுள்ள பகையால் அது எப்போதுமே பெரிய படையை வைத்திருக்கிறது. அதோடு நாட்டின் உற்பத்தி சரிந்தபோது, செலவைக் குறைத்தும் விகிதம் பெரிதாக இறங்கவில்லை. வகுக்கும் எண் சுருங்கினால் விடை தானே பெரிதாகும். இதில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா என்னும் பால்டிக் நாடுகளின் எல்லையைக் காக்கும் வலிமை எவ்வளவு சேர்ந்தது என்று சதவீதத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

செலவுக்குள் என்ன அடங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. ஓய்வுபெற்ற வீரர்களின் பென்ஷனும் நேட்டோ கணக்கில் பாதுகாப்புச் செலவுதான். நம் நாட்டிலும் அப்படியே: 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட ஏறத்தாழ 6.81 லட்சம் கோடி ரூபாயில் 1.60 லட்சம் கோடிக்குச் சற்று மேல் பென்ஷனுக்கே போகிறது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் முன்னாள் படைவீரர் இல்லாத கிராமம் குறைவு; அவர்கள் பெறும் பென்ஷன் நாடு அவர்களுக்குப் பட்ட நன்றிக்கடன், அதில் ஒரு ரூபாயைக்கூட வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அந்த ரூபாய் நாளைக்கு எல்லையில் ஒரு பீரங்கியாக மாறாது என்பதும் உண்மை. ஒரே 2 சதவீதம், பென்ஷனும் சம்பளமும் மிகுந்த நாட்டில் ஒரு படையாகவும், தளவாடம் மிகுந்த நாட்டில் வேறொரு படையாகவும் இருக்கும். வேல்ஸில் அந்த ஐந்தில் ஒரு பங்கு விதியைச் சேர்த்தது இதனால்தான்.

மறுபக்கம் டென்மார்க். ஆப்கானிஸ்தான் போர் நடந்த ஆண்டுகளில் அதன் செலவு 2 சதவீதத்துக்கு வெகு கீழே இருந்தது. ஆனால் மிகக் கடுமையான சண்டை நடந்த ஹெல்மண்ட் மாகாணத்துக்கு அது தன் படையை அனுப்பியது, நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் கூட்டணியிலேயே மிகப் பெரிய இழப்புகளில் அது ஒன்று. விகிதத்தில் அதற்கு மேலே நின்ற சில நாடுகள் தங்கள் வீரர்கள் இரவில் ரோந்து போகக் கூடாது, இன்ன மாகாணத்தை விட்டு வெளியே வரக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்துத்தான் அனுப்பின. யார் அதிகம் சுமந்தார்கள்? பணத்தை மட்டும் எண்ணும் ஏட்டில் இதற்கு விடை கிடையாது. அதனால்தான் இத்துறையில் உள்ளவர்கள் பணத்தோடு, கையிலுள்ள படைத்திறனையும், அழைத்தபோது களத்துக்கு வந்த பங்கேற்பையும் சேர்த்தே எடைபோடுகிறார்கள்.

பணம் மட்டும் கொடுப்பவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதை ஜப்பான் 1991-இல் கசப்போடு அறிந்தது. குவைத்தை மீட்ட வளைகுடாப் போருக்கு அது 1,300 கோடி டாலர் கொடுத்தது, படை அனுப்பவில்லை. போர் முடிந்ததும் குவைத் அரசு அமெரிக்க நாளிதழ்களில் நன்றி விளம்பரம் வெளியிட்டது. உதவிய நாடுகளின் பட்டியலில் ஜப்பானின் பெயர் இல்லை. அடுத்த ஆண்டே ஐ.நா. அமைதிப் பணிகளுக்குப் படை அனுப்ப வழிசெய்யும் சட்டத்தை ஜப்பான் இயற்றியதற்கு அந்த வடு ஒரு முக்கியக் காரணம்.

இந்தச் சிக்கல் மதுரைக்குப் புதிதன்று. 16-ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் பாளையப்பட்டு முறையை வகுத்தபோது, மதுரைக் கோட்டையின் 72 கொத்தளங்களையும் 72 பாளையக்காரர்களின் காவலில் ஒப்படைத்தார்கள் என்றும், பாளையத்தின் வருவாயில் ஒரு பங்கு நாயக்கருக்கும், ஒரு பங்கு படையைப் பராமரிக்கவும், ஒரு பங்கு பாளையக்காரருக்கும் என்று பிரித்தார்கள் என்றும் மரபாகச் சொல்லப்படுகிறது. பணத்தையும் படையையும் இடத்தையும் ஒரே ஏற்பாட்டில் கட்டிய விதம் அது: உன் பங்கு இவ்வளவு, உன் ஆட்கள் இவ்வளவு, நீ நிற்க வேண்டிய கொத்தளம் இது. கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைச் சுவர்கள் இடிக்கப்பட்டு வெளிவீதிகள் வந்தன. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே மேலவாசலில் எஞ்சி நிற்கும் கொத்தளத்தைக் கடந்துதான் நாம் தினமும் பஸ் ஏறப் போகிறோம்.

அதே நாயக்கர் ஆட்சியில், திருமலை நாயக்கர் முதுமையில் நோயுற்றிருந்த சமயம், பிடிபட்டவர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு மைசூர்ப் படை மதுரையை நோக்கி வந்தது. இராமநாதபுரத்திலிருந்து ரகுநாத சேதுபதி விரைந்து வந்து துணைநின்றார். மைசூர்ப் படை பின்வாங்கியது. திருமலை நாயக்கர் அவருக்குத் தம் பெயரையே பட்டமாக அளித்ததோடு, அவர் செலுத்திவந்த திறையையும் நீக்கினார். தக்க நேரத்தில் வந்து சேர்ந்த படையைப் பணமாகவே கணக்கில் வரவு வைத்தார் என்று இதைப் படிக்கலாம். இன்றைய கூட்டணிகள் இன்னும் நேர்த்தியாகச் செய்யத் திணறும் காரியம் இது.

திட்டமிடல் என்னும் நிதானமான வேலை

சுமையை நியாயமாகப் பங்கிட வேண்டுமானால் மொத்தச் சுமை எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டும். நேட்டோ இதை 1951-லேயே முயன்றது. அமெரிக்காவின் அவெரல் ஹாரிமன், பிரான்சின் ழான் மோனே, பிரிட்டனின் எட்வின் பிளவுடன் ஆகிய மூவர் முன்னின்ற ஒரு குழு, ஒவ்வொரு நாட்டின் பொருளாதாரத்தையும் படைத்தேவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. அதையொட்டி 1952 பிப்ரவரியில் லிஸ்பன் கூட்டத்தில், 1954-க்குள் 96 டிவிஷன் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும் படைப்பிரிவு) என்ற இலக்கு வைக்கப்பட்டது. போரில் இடிந்த ஊர்களை அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த ஐரோப்பாவால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. இலக்கு நிறைவேறவே இல்லை. அந்தப் பள்ளத்தை நிரப்ப அமெரிக்காவின் அணு ஆயுதத்தையே சார்ந்திருக்கும் போக்கு வலுத்தது. திட்டம் தாங்கும் சக்திக்கு மிஞ்சினால் சுமை மறையாது, இன்னும் அபாயமான வடிவத்தில் வேறிடத்தில் போய் உட்காரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்றைய முறை நான்காண்டுச் சுற்றாக நடக்கிறது. எத்தகைய ஆபத்துகளை, ஒரே சமயத்தில் எத்தனையைச் சமாளிக்க வேண்டும் என்று உறுப்பு அரசுகள் முதலில் அரசியல் முடிவு எடுக்கின்றன. அதற்குக் குறைந்தபட்சம் என்னென்ன வேண்டும் என்று, பெல்ஜியத்தின் மோன்ஸிலும் அமெரிக்காவின் நார்ஃபோக்கிலும் உள்ள இரு பெரும் படைத்தலைமைகள் கணக்கிடுகின்றன. இருப்பையும் தேவையையும் வைத்துக் குறை எவ்வளவு என்று பார்த்தபின், அது நாடுவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்படுகிறது: உனக்கு இத்தனை பிரிகேடு, உனக்கு இத்தனை வான்பாதுகாப்பு அலகு, உனக்கு இத்தனை கள மருத்துவமனை. இதில் ஒரு விதியை நான் பெரிதும் மதிக்கிறேன். நேட்டோவில் எந்த முடிவும் எல்லோரும் ஒப்பினால்தான் நிறைவேறும். ஆனால் ஒரு நாட்டின் இலக்கை நிர்ணயிக்கும்போது மட்டும் அந்த ஒரு நாடு மறுத்தாலும், மற்ற அனைவரும் ஒப்பினால் போதும். தன் பங்கைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது என்பது ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய எவருக்கும் புரியும் நியாயம். பிறகு நாடுகள் என்ன செய்தன என்று மறுஆய்வு நடக்கிறது. செய்யாவிட்டால் தண்டனை ஏதும் இல்லை. சக உறுப்பினர்கள் முன்னிலையில் குறை எழுத்தில் பதிவாகும், அவ்வளவுதான்.

'ஒரு பிரிகேடு' என்று எழுதுவது எளிது. அதற்குள் என்ன இருக்கிறது என்று கிட்டத்தில் பார்க்க, ஜெர்மனி லித்துவேனியாவில் நிரந்தரமாக நிறுத்திவரும் பிரிகேடைப் பாருங்கள். ஏறத்தாழ 5,000 பேர். 2027-இல் முழுமையாகத் தயாராக வேண்டும் என்பது திட்டம். வீரர்கள் குடும்பத்தோடு போய் வாழ வேண்டுமென்பதால் வீடு வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், டாங்கி ஓட்டிப் பழகப் பயிற்சித் திடல் வேண்டும், குண்டுகளை வைக்கக் கிடங்கு வேண்டும். கட்டடங்களையும் திடலையும் லித்துவேனியா தன் செலவில் கட்டுகிறது. ஆளும் ஆயுதமும் ஜெர்மனியுடையவை. இடம் கொடுப்பவரும் படை கொடுப்பவரும் செலவைப் பிரித்துக்கொள்ளும் முறையை இந்த ஒரு பிரிகேடிலேயே படித்துவிடலாம்.

திட்டம் இல்லாமல் வெறும் செலவு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2011 லிபியப் போர் காட்டியது. போரில் இறங்க எல்லா நாடுகளும் கைதூக்கின. பாதிக்கும் குறைவான நாடுகளே பங்கேற்றன. தாக்குதலில் இறங்கியவை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சில வாரங்களிலேயே ஐரோப்பிய விமானப்படைகளுக்குத் துல்லியக் குண்டுகள் தீரத் தொடங்கின. வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களுக்கும் உளவுத் தகவலுக்கும் அமெரிக்காவையே நம்ப வேண்டியிருந்தது. போர் விமானம் பலரிடம் இருந்தது. அதைப் பறக்கவைக்கும் பின்னணி சிலரிடம் மட்டுமே இருந்தது. கண்ணில் படுவதை வாங்குவதில் இருக்கும் ஆர்வம் கண்ணில் படாததை வாங்குவதில் எந்த நாட்டு நாடாளுமன்றத்துக்கும் எளிதில் வருவதில்லை.

நல்ல ஏற்பாடுகளும் உண்டு. எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றுக்கும் சொந்தப் போர் விமானங்கள் இல்லை. 2004 முதல் மற்ற நாடுகள் முறைவைத்துத் தங்கள் விமானங்களை அனுப்பி அவற்றின் வானைக் காக்கின்றன. அந்தச் சிறு நாடுகள் விமானம் வாங்கித் திவாலாகாமல் தரைப்படைக்குப் பணத்தைச் செலுத்த இது உதவுகிறது. ஹங்கேரியின் பாப்பா விமானத்தளத்தில் 12 நாடுகள் சேர்ந்து மூன்று பெரிய சி-17 சரக்கு விமானங்களை வைத்திருக்கின்றன. கட்டிய பணத்துக்கேற்பப் பறக்கும் மணிநேரம் பிரிக்கப்படுகிறது. கூட்டாக ஒரு நெல் அறுவடை இயந்திரம் வாங்கி, ஏக்கருக்கேற்ப மணிநேரத்தைப் பிரித்துக்கொள்ளும் விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் இத்தகைய பகிர்வில் ஓர் அச்சமும் உண்டு: நான் வைத்திராத ஒன்றை வைத்திருக்கும் நண்பர், நெருக்கடி நாளில் அவர் நாட்டு நாடாளுமன்றம் மறுத்துவிட்டால் வரமாட்டாரே? அந்த அச்சத்தால்தான் நாடுகள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன, எதிலும் போதுமான அளவு இல்லாமல் போகிறது.

5 சதவீதம் என்ற புதிய எண்

2025 ஜூனில் ஹேக் நகரில் கூடிய தலைவர்கள் 2035-க்குள் 5 சதவீதம் என்று அறிவித்தார்கள். இதில் 3.5 சதவீதம் நேரடிப் பாதுகாப்புச் செலவு. மீதி 1.5 சதவீதம் சாலை, பாலம், துறைமுகம், இணையப் பாதுகாப்பு போன்றவற்றுக்கு. பாலத்தைப் பாதுகாப்புக் கணக்கில் சேர்ப்பது ஏமாற்று வேலை என்று சிலர் எழுதினார்கள். முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பால்டிக் நாடுகளின் ரயில் பாதை 1,520 மில்லிமீட்டர் அகலம், போலந்தில் 1,435 மில்லிமீட்டர். டாங்கி ஏற்றிவரும் ரயில் எல்லையில் நின்று சரக்கை மாற்றியாக வேண்டும். பாதையின் அகலம் மாறுவது எவ்வளவு நீண்ட வேலை என்பது மதுரைக்காரர்களுக்குத் தெரியும்: அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் நின்ற போடி ரயில் மறுபடியும் போடிக்குப் போக 2023 ஆனது. போர் வந்தபின் பாதை போட முடியாது. ஆயினும் எந்தச் சாலையையும் ராணுவச் சாலை என்று எழுதிக்கொள்ளும் வாய்ப்பு இதில் இருப்பது உண்மை. அதைக் கண்காணிப்பது கடினம்.

இந்த முறை கவனிக்கத்தக்க மாற்றம், 3.5 என்ற எண் திட்டமிடலிலிருந்து எழுந்தது என்பது. ஹேக் மாநாட்டுக்கு முன் அதே மாதத் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சர்கள் ஒவ்வொரு நாட்டுக்குமான புதிய திறன் இலக்குகளை ஒப்புக்கொண்டார்கள். அவற்றை நிறைவேற்ற எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீட்டிலிருந்தே விகிதம் வந்தது. எல்லா உறுப்பு நாடுகளும் ஆண்டுதோறும் தங்கள் திட்டத்தைக் காட்ட வேண்டும். 2029-இல் மொத்தமாக மறுஆய்வு நடக்கும்.

ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ் இங்கேதான் முரண்பட்டார். எங்களுக்கு ஒதுக்கிய படைத்திறனை முழுவதும் கொடுப்போம், ஆனால் அதற்கு எங்களுக்கு 2.1 சதவீதமே போதும் என்றார். நேட்டோ பொதுச் செயலர் மார்க் ருட்டே, 3.5 இல்லாமல் அது முடியாது என்பதே எங்கள் கணக்கு என்றார். அந்த மாணவிக்கு நான் இந்தத் தகராறைத்தான் கடைசியில் எடுத்துச் சொன்னேன். ஸ்பெயின் சொல்வது சரியாக இருந்தால் அது குறைந்த செலவில் கரையை அடைத்த நாடு. தவறாக இருந்தால் அதன் பங்குக் கொத்தளம் ஆளில்லாமல் கிடக்கும். "அப்படியானால் 2029-இல் பட்ஜெட்டைப் பார்க்காமல் படையை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும், இல்லையா சார்?" என்று கேட்டார். ஆம் என்றேன்.